ரேழியில் ரவுட்டர், கொல்லையில் ரிப்பீட்டர்: வீட்டு வைஃபையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் வைஃபை வேலையாகப் போகும் வீடுகளில் திரும்பத் திரும்ப அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் அதையே செய்கிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் செய்தவைதான். பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். காசைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிக்னல் செத்த இடத்தில் ரிப்பீட்டர்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊர்ப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று தெருவிலிருந்து நீளவாக்கில் போகும். சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் நல்ல கனம். ஃபைபர் தெருப்பக்கமாக வருவதால், ரவுட்டரை ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசி அறைக்குள் சிக்னல் நுழைவதற்குள் நாலு சுவரைத் தாண்டியாக வேண்டும்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு வீடு. மகன் சென்னைக் கம்பெனி வேலையை ஊரிலிருந்தே பார்க்கிறார். சத்தம் வேண்டாமென்று கொல்லைப்பக்க அறையில் உட்காருகிறார். கடையில் சொன்னார்களென்று ரிப்பீட்டர் (ரவுட்டர் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாங்கி அந்த அறையிலேயே சொருகினார். மீட்டிங்கில் முகம் உறைந்து நின்றது. பொருள் மட்டம் என்று நினைத்து விலை கூடிய இன்னொன்று வாங்கினார். அதுவும் அப்படியே. நான் போனபோது அவருடைய அப்பா, "தம்பி, டவர் ஃபுல்லாக் காட்டுது, படம்தான் சுத்திக்கிட்டே இருக்கு" என்றார்.

செல்லில் தெரியும் அந்தக் கோடு, செல்லுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டும்தான் காட்டும். ரவுட்டரிலிருந்து ரிப்பீட்டருக்கு என்ன வருகிறது என்பதைக் காட்டாது. தண்ணீர் வராத கடைமடையில் இன்ஜின் போட்டு இறைப்பது மாதிரி. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வைத்தால் கால்வாசிதான் மிஞ்சும். ரிப்பீட்டர்தான் வேண்டுமென்றால், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கூடத்தில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், கேட்-6 கேபிள் (லேன் ஒயர்) இழுப்பதுதான் சரி. 100 மீட்டர் வரை தாங்கும். எவ்வளவு நீளமான வீட்டுக்கும் போதும். முற்றத்துத் தாழ்வாரத்தின் உள்பக்கமாகக் கொண்டுபோய், கொல்லை அறையில் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது ஒயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் கருவியாக, மாட்டலாம். அந்த வீட்டில் அப்படித்தான் செய்தோம். இரண்டு ரிப்பீட்டருக்குக் கொடுத்த பணத்தில் இந்த வேலை முழுதையும் முடித்திருக்கலாம்.

கேபிளில் மிச்சம் பிடிப்பது

மலிவான கேபிளில் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியையும் முனையில் பிளக்கோடு நசுக்கிப் பொருத்த (கிரிம்ப் செய்ய) சொல்லுங்கள். நாலு போதும் என்று விட்டால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் இதை நுழைக்க விடாதீர்கள்.

இரண்டு ரவுட்டரும் ஐபி கொடுப்பது

ஆக்சஸ் பாயின்ட்டாக மாட்டிய இரண்டாவது ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதியை) நிறுத்துங்கள். இரண்டுக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்தால், இரண்டாவதை 192.168.1.2 என்று மாற்றிவிட்டு, ரேழி ரவுட்டரிலிருந்து வரும் ஒயரை இரண்டாவதின் வேன் (WAN) போர்ட்டில் இல்லாமல் லேன் (LAN) போர்ட்டில் சொருகுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல்

ரவுட்டர் செட்டிங்கில் சேனல் எண் 1, 6, 11. இந்த மூன்றில் ஒன்றை வையுங்கள்.

பீரோ மேல் ரவுட்டர்

வேண்டாம்.

ஐப்பசி இடியில் அப்படியே விடுவது

ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்ற தைரியத்தில் இருக்கிறார்கள். இடியின் மின்சாரம் அடாப்டர் வழியாக வரும், வெளியே ஓடும் செம்புக் கேபிள் வழியாகவும் வரும். பம்ப்செட் கேமராவுக்கு வயல் வரைக்கும் லேன் ஒயர் இழுத்த வீடுகளில் போர்ட் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். வானம் கறுத்ததும் அடாப்டர், லேன் ஒயர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள்.

ரவுட்டருக்கு மட்டும் யுபிஎஸ்

கரண்ட் போனால் ரேழியில் ரவுட்டர் ஓடும், கொல்லையில் ஆக்சஸ் பாயின்ட் நின்றிருக்கும். அதற்கும் ஒரு மினி யுபிஎஸ் வேண்டும். வாங்கும் முன் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் கருவிதான் அதிகம், 9 வோல்ட்டும் உண்டு.