பூட்டு வாங்கும்போது முதலில் சாவியைப் பாருங்கள்

கடைக்கு வருகிற எல்லோரும் பூட்டைத்தான் கையில் தூக்கிப் பார்க்கிறார்கள். கனமாக இருந்தால் திருப்தி. நான் திண்டுக்கல்லில் அப்பாவின் பட்டறையில் அரம் பிடித்து வளர்ந்தவன், முப்பது வருடமாகப் பூட்டு பழுது பார்க்கிறேன். என்னைக் கேட்டால் சாவியை முதலில் வாங்கிப் பாருங்கள் என்பேன்.

தண்டின் நுனியில் உள்ள தகட்டில் ஒன்றிரண்டு நேர் வெட்டு மட்டும் இருக்கிறதா? உள்ளே சாவியை மறிக்கும் தடுப்புகள்தான் இருக்கும். அந்தத் தடுப்புகளில் இடிக்காதபடி மெலிதாகச் செதுக்கிய எந்தச் சாவியும் அதைத் திறந்துவிடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதை நம்பித்தான் வாழ்ந்தார்கள். நீங்கள் டிரங்குப் பெட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் படிப்படியாக வெட்டுகள் இருந்தால் அது லீவர் பூட்டு. 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் செய்த வேலை இது. லீவர் என்பது உள்ளே ஏறி இறங்கும் மெல்லிய துண்டு. அடுக்கியிருக்கும் ஒவ்வொரு லீவரையும் சாவி தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் தாழ் நகராது, கூடுதலாகத் தூக்கினாலும் நகராது. 1818இல் ஜெரமையா சப் இன்னொன்று சேர்த்தார்: யாராவது லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு அப்படியே மாட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் தன் சாவியைப் போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதையும் 1851 லண்டன் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டினார். ஆனால் பிரமா என்ற லண்டன் பூட்டுக் கம்பெனியின் பூட்டு அவரிடம் 51 மணி நேரம் வேலை வாங்கியது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

தட்டையான சாவி, ஓரத்தில் மேடும் பள்ளமும் என்றால் ‘பின்’ (pin) பூட்டு, உள்ளே லீவருக்குப் பதில் சின்னச் சின்னக் கம்பித் துண்டுகள் இருக்கும். 1861இல் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கியது. இன்று வீட்டுக் கதவுகளில் பெரும்பாலும் இதுதான்.

சரி, லீவர் பூட்டே வாங்குகிறீர்கள். அதே அளவில் நாலு பூட்டு எடுக்கச் சொல்லி, ஒன்றின் சாவியை மற்ற மூன்றிலும் போட்டுத் திருப்புங்கள். ஒன்று திறந்தாலும் வாங்க வேண்டாம். கையால் செய்கிற பட்டறையில் ஒவ்வொரு பூட்டுக்கும் லீவரைத் தனியாக அராவுவோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் சந்தோஷப்பட்டது அந்த அரத்துக்காகத்தான்.

அப்புறம், எண்ணெய். போன வருடம் ஒரு பாட்டி மாங்காய் வடிவப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். “தம்பி, உடைச்சிடாதீங்க, எங்க மாமியார் கொடுத்தது” என்றார். பொங்கலுக்குப் பொங்கல் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார். ரிவெட்டை அராவி மூடியைக் கழற்றினேன். தூசியும் பச்சைக் களிம்பும் எண்ணெயில் ஊறி, ஆறு பித்தளை லீவர்களும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் போட்டுப் பிரித்தேன். ஸ்பிரிங் ஒன்றுதான் போயிருந்தது. ஒரு லீவர்கூடத் தேயவில்லை!

ஆகவே சமையல் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். 4பி பென்சிலைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்து, பத்து முறை போட்டுத் திருப்புங்கள். அந்தக் கரித்தூள் போதும். துருப்பிடித்து இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மெதுவாக அசைத்துப் பார்த்து, துவாரம் கீழே இருக்கும்படி வெயிலில் காயவிட்ட பிறகு பென்சில்.

டூப்ளிகேட் சாவி போடப் போகும்போது தினம் புழங்கித் தேய்ந்த சாவியைக் கொண்டுபோக வேண்டாம். அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும், லீவர் முழுதாக எழும்பாது. பூட்டு வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து அதைப் புழங்குங்கள். மூலச் சாவி துணியில் சுற்றி பீரோவில் இருக்கட்டும்.