பழைய கறுப்பின ஊர் ஒன்றின் வரலாற்றைத் தேட ஆரம்பிப்பது எப்படி?

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827இல் ஒழிந்தது. ஆனால் ஒரு கறுப்பின ஆண் ஓட்டுப் போட வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள நிலம் அவர் பெயரில் இருந்தாக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில், 1838இல், ஜேம்ஸ் வீக்ஸ் புரூக்ளினில் ஹென்றி தாம்சன் என்ற இன்னொரு கறுப்பினத்தவரிடம் மனை வாங்கினார். அங்கே வளர்ந்த ஊர்தான் வீக்ஸ்வில். நிலம் இருந்தால்தான் ஓட்டுரிமை என்றிருந்ததால், இப்படிப்பட்ட ஊர்களைத் தேடுபவர்கள் பத்திரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

படி 1: கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பதிவேடுகளில் விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை என்று இரண்டு இருக்கும். ஒரே ஒரு பெயரைப் பிடியுங்கள். யாரிடம் வாங்கினார், பிறகு யாருக்கு விற்றார் என்று முன்னும் பின்னும் போங்கள். நான்கு எல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து மனைக்காரர் பெயரும் கிடைக்கலாம், அடுத்து அவரைத் தேடுங்கள்.

படி 2: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். 1850இல்தான் அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் வருகிறது, வைத்திருந்த நிலத்தின் மதிப்பு கூட. நிறத்துக்கான கட்டத்தில் வெள்ளையருக்கு எதுவும் எழுதாமல் விட்டிருப்பார்கள், கறுப்பினத்தவருக்கு 'பி', கலப்பினத்தவருக்கு 'எம்' என்ற எழுத்து இருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார், அதனால் ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள்.

படி 3: தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகளையும் பழைய செய்தித்தாள்களையும் பாருங்கள்.

படி 4: பழைய வரைபடத்தை இன்றைய வான்படத்தோடு ஒப்பிடுங்கள். 1968இல் வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் ஹர்லி, விமானி ஜோசப் ஹேய்ன்ஸ் இருவரும் புரூக்ளின் மேலே பறந்தபோது, நேர்நேராகப் போகும் தெருக்களுக்கு நடுவே ஒரு பழைய சந்து மட்டும் கோணலாகத் தெரிந்தது. அதுதான் ஹன்டர்ஃபிளை சாலை, வீக்ஸ்வில்லின் பழைய வீடுகள் அதன் ஓரத்தில் நின்றன! உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அகழாய்வில் இறங்கினார்கள், வீடுகளைக் காப்பாற்றச் சொல்லி நகர அதிகாரிகள் முன்னால் போய்ப் பேசினார்கள். 1970இல் அவை பாதுகாக்கப்பட்ட சின்னமாயின. அதன்பின் பல ஆண்டுகள் அவற்றைக் கட்டிக் காத்தவர் ஜோன் மேனார்ட்.

படி 5: கிடைத்ததைக் காப்பது. புகைப்படத்துக்கு லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர் குறியுங்கள். ஸ்கேன் கோப்புக்கு ஆண்டு, இடம், யார் கொடுத்தது என்று பெயரிட்டு, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். பெரியவர்கள் பேசுவதை அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். எல்லாவற்றின் நகலும் அந்த ஊர்க் குடும்பங்களுக்கு முதலில் போகட்டும், நூலகத்துக்கு அப்புறம் கொடுக்கலாம்.