நோயையே கலாய்க்கிற கூட்டாளிகிட்ட நன்றிய எப்படி கத்துக்கிறது

கூட்டாளிக்கு கிட்னி போச்சு, டயாலிசிஸ்னு கேள்விப்பட்டதும் நம்மாளுங்க பாதிப் பேரு பழத்த வாங்கிட்டுப் போயி மூஞ்ச தொங்கப்போட்டு உக்காந்துருவாங்க. தயவுசெஞ்சு அப்படிப் போகாதீங்க. பட்டர்வொர்த்துல எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான், வாரத்துல மூணு நாள் மெஷின், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கெளம்பும்போது "சின்ன வீட்டுக்குப் போறேன்டா, தேடாத"ன்னு வாட்ஸ்அப்ல போடுவான், அதுக்கு மொதல்ல சிரிக்கிறது அவன் சம்சாரம்தான். நன்றின்னா என்னன்னு எனக்குப் புரிய வெச்சவன் அவன், அதுவும் ஒரு அட்வைஸ் கூட பண்ணாம.

ஜோக்க அவங்களே ஆரம்பிக்கட்டும், நீங்க சேந்து சிரிங்க, அது போதும். சிரிக்கிறாங்கன்னா பயமே இல்லன்னு நெனச்சிராதீங்க, சில நாள் பேசக்கூட தெம்பு இருக்காது, அன்னிக்கு சும்மா பக்கத்துல இருங்க. முக்கியமா "ஒன்ன பாத்தாதான் நான் எவ்ளோ குடுத்து வெச்சவன்னு தெரியுது"ன்னு வாய் தவறிக்கூட சொல்லிராதீங்க, அடுத்தவன் கஷ்டத்துல நம்ம நிம்மதிய தேடுறதுக்குப் பேரு நன்றி இல்ல லா.

அப்ப எங்க கத்துக்கிறது? கிட்னி போனா குடிச்ச தண்ணி சரியா வெளிய போகாது, அதனால அளந்துதான் குடிக்கணும், அவங்க தண்ணி குடிக்கிறத பக்கத்துல இருந்து பாருங்க. இவன் காலையிலயே டாக்டர் சொன்ன அளவ ஒரு பாட்டில்ல ஊத்தி வெச்சிருவான், டீ, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதுலதான் கழியணும். மாமாக் கடையில தே ஓ ஐஸ் வந்தா டீய என் கிளாஸ்ல ஊத்திட்டு ஐஸ்கட்டிய மட்டும் ஒண்ணொண்ணா வாயில போட்டு, கண்ண மூடி, "அமிர்தம்டா"ம்பான், கரையிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டான். நல்ல கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒண்ணு ரெண்டு லிட்டர மட்டும் வெளிய விட்டுட்டு மிச்சத்த ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிருது, நாம கேக்காமலே நடக்குது. நீங்களும் ஒரு நாள் குடிக்கிற தண்ணிய அளந்து ஊத்திப் பாருங்க, நம்ம ஊரு வெயிலுக்கு கொறைக்கல்லாம் வேணாம், அளந்து குடிச்சாலே போதும், ஒவ்வொரு மடக்கும் தெரியும்.

அடுத்தது, அவங்க எப்படி டேங்க்ஸ் சொல்றாங்கன்னு கவனிங்க. ஊசி போடுற நர்ஸ்கிட்ட "மிஸ்ஸி, இன்னிக்கு ரெண்டு ஊசியும் ஒரே குத்துல எறக்கிட்டீங்க, சொத்துல பாதி உங்களுக்குத்தான்"னு அங்கயே அப்பவே சொல்லிருவான், அந்த மிஸ்ஸி சிரிச்சிக்கிட்டே அடுத்த கட்டிலுக்குப் போவாங்க. இன்ன காரியத்துக்குன்னு பேர் சொல்லி, சூடு ஆறுறதுக்குள்ள சொல்றான் பாருங்க, அதத்தான் நான் அவன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டேன். இப்ப வீட்டுல "சாப்பாடு நல்லாருக்கு"ன்னு பொதுவா சொல்லாம "மீன் கொழம்புல மாங்கா போட்டிருக்கியே, அதுக்கு டேங்க்ஸ்"ங்கிறேன், எங்க அம்மா மொகமே மாறுது. இன்னிக்கு ராத்திரியே உங்க வீட்டுல ஆரம்பிங்க.

வாங்கிட்டுப் போற பொருள்ல கவனம் வேணும். பெலிம்பிங், அதான் ஸ்டார் ஃப்ரூட், கிட்னி போனவங்களுக்கு விஷமே, விக்கல்ல ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் கொண்டு போயிரும், உயிருக்கே ஆபத்து. எளநி, வாழப்பழத்துல பொட்டாசியம் ஜாஸ்தி, எதுவா இருந்தாலும் வீட்டுல கேட்டுட்டு வாங்குங்க. ஃபிஸ்டுலா, அதான் டயாலிசிஸ் ஊசி போடுறதுக்காக ஆப்பரேஷன் பண்ணி ரத்தக்கொழாய்ங்கள சேத்து வெச்ச எடம், அது போட்ட கையில பிரஷர் பாக்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, கனமான பைய தூக்க விடாதீங்க. அந்த எடத்துல வெரல வெச்சா புர்ர்ருனு ஓடும், இவன் எல்லாரையும் தொட்டுப் பாக்கச் சொல்லி "கரண்டு ஓடுது பாத்தியா, டிஎன்பி பில்லுதான் இன்னும் வரல"ம்பான்.

நன்றிய வாயால சொன்னா மட்டும் பத்தாது. மெஷின விட்டு எறங்குனதும் சிலருக்கு பிரஷர் கொறஞ்சு தல சுத்தும், கார் ஓட்ட முடியாது, அதனால "எதாச்சும் வேணும்னா கூப்புடு"ன்னு சொல்லாம "வியாழக்கெழம நான் வந்து ஏத்திக்கிறேன்"னு நாள சொல்லுங்க. அப்புறம் மைசெஜாத்ராவுல, அதான் நம்ம மலேசிய அரசாங்கத்தோட சுகாதார ஆப்புல, உறுப்பு தானத்துக்குப் பதிஞ்சு வைங்க, பதிஞ்சத அன்னிக்கே வீட்டுலயும் சொல்லிருங்க, ஏன்னா அந்த நேரம் வந்தா நம்ம குடும்பத்துக்கிட்டதான் சம்மதம் கேப்பாங்க.