பியானோ ரியூன் நிக்கேல்லையோ? கம்பி தொடுற இடங்களைப் பாருங்கோ

மாங்குளம் பக்கத்துத் தேவாலயம் ஒண்டில கிடந்த பழைய அப்ரைட் பியானோவை ரெண்டு நாள் மினக்கெட்டு ரியூன் செய்து குடுத்தனான், ஞாயிறு பூசையில முதல் பாட்டு முடியமுதலே நடுவில நாலைஞ்சு கட்டையின்ர (விரலால அழுத்திற கீ) சுருதி இறங்கிட்டுது. கம்பி சுத்தியிருக்கிற ஆணி (ரியூனிங் பின்) இளகீட்டுது எண்டு நினைச்சுப் போய்ப் பாத்தா ஒரு பின்னும் இளகேல்லை, எல்லாம் நல்ல இறுக்கம். பிழை கம்பி தொட்டுப் போற இடங்களில கிடந்தது.

முதல் முன் பலகையைக் கழட்டிப்போட்டு ஒரு கம்பியை மேலயிருந்து கீழ கண்ணால தொடர்ந்து பாருங்கோ. கை வைக்காதேங்கோ, வியர்வை பட்டாக் கறள் பிடிக்கும். ரியூனிங் பின்னில சுத்தின கம்பி, பிறஷர் பார் எண்ட, கம்பியை அழுத்திப் பிடிக்கிற உலோகச் சட்டத்துக்குக் கீழால நுழைஞ்சு, வார்ப்பிரும்புப் பிளேட்டின்ர விளிம்பில உரசி, பிறகுதான் சத்தம் தாற நீளத் துண்டாப் போகுது. கீழ குதிரையில (கம்பியைத் தாங்கிற மரத்துண்டு) ரெண்டு பின்னுக்கு நடுவில வளைஞ்சு, கடைசியா அடியில ஹிச் பின் எண்ட ஆணியில மாட்டுப்படுது. ஒரு கம்பியில கிட்டத்தட்ட 70 கிலோ இழுவை இருக்கு, அப்ப தொடுற ஒவ்வொரு இடமும் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். வயலின் வாசிக்கிற ஆக்களுக்கு இது நல்லா விளங்கும், பிருடையைத் திருப்பேக்க சுருதி அசையாம நிண்டு பிறகு டக்கெண்டு பாயுமெல்லோ, அதேதான்.

பின்னைத் திருப்பிற லீவர் வாங்கிறதெண்டா ஸ்டார் ரிப் (நட்சத்திர வடிவ வாய்) உள்ளதை வாங்குங்கோ. கராச்சில கிடக்கிற சொக்கற், ஸ்பானர் ஒண்டும் வேண்டாம், பின்ர சதுரத் தலை தேஞ்சு போயிடும். லீவர் பிடி நேர மேல பாத்தபடி நிக்கோணும். ஒரு கட்டைக்கு மூண்டு கம்பி இருந்தா ரெண்டை ரப்பர் ஆப்பு வச்சு அடக்குங்கோ. ஏ 440 (நடு ஏ சுரம், செக்கனுக்கு 440 அதிர்வு) பாக்க ஃபோன் ஆப்பே காணும்.

இனித்தான் நான் பிழைவிட்ட இடம். சுருதி கூடிட்டா லீவரை மெல்ல இளக்கி, கட்டையையும் மெல்லத் தட்டி, ஆப்பில ஊசி நடுவுக்கு வந்த உடன விட்டிட்டன். இளக்கேக்க பின்னுக்குக் கிட்ட உள்ள சின்னக் கம்பித் துண்டுதான் முதல் தளரும், விளிம்பில உரசிப் பிடிக்கிறதால நீளத் துண்டு பழைய இறுக்கத்தில நிண்டிடும். பேந்து ஆரும் ஊண்டி வாசிச்ச உடன கம்பி வழுக்கி ரெண்டு துண்டும் சமப்படும், சுருதி விழும். இப்ப நான் செய்யிறது: தேவைக்கு ஒரு துளி மேல ஏத்துவன், ஊண்டி நாலைஞ்சு அடி அடிப்பன், அடிச்சு அடிச்சே இறக்கிக் கொண்டுவந்து, கடைசியா லீவரை மேல்பக்கமா ஒரு சின்ன அழுத்து. பிறகு லீவரைக் கழட்டிப்போட்டு இன்னும் மூண்டு அடி. ஊசி அசைஞ்சா திரும்ப முதல்லயிருந்து. ரியூனிங் பின், அது இறுகி நிக்கிற பலகைக்குள்ள திரும்பாம, மேல் தலை மட்டும் முறுகி நிண்டாலும் இதில பிடிபடும். நேரம் எடுக்கும், ஆனா அதே பியானோ நத்தார்ப் பூசை முழுக்க நிண்டது.

மாரியில சத்தத்தைப் பெருப்பிக்கிற மரப்பலகை (சவுண்ட் போர்ட்) ஈரம் குடிச்சு ஊதும், சுருதி தானா ஏறும், அதுக்கு இந்த வேலை மருந்தில்லை. மழை தொடங்கி ரெண்டு மூண்டு கிழமை போகவிட்டு ரியூன் செய்யுங்கோ.

பிறகு சேர்த்தது: முல்லைத்தீவில இருந்து ஒரு தங்கச்சி, இறுக்கேக்கயே கம்பி அறுந்திட்டுதெண்டு எழுதினவா. கடற்கரைக் காத்து, பிறஷர் பாரடியில கம்பி கறளோட ஒட்டியிருக்கும். அப்பிடிப் பியானோவில ஏத்தமுதல் கொஞ்சம் இளக்குங்கோ, 'டிக்' எண்டு ஒரு சின்னச் சத்தம் கேட்டு விடுபடும், அதுக்குப் பிறகு ஏத்துங்கோ.

இன்னொராள் கேட்டது, ஒற்றைக் கம்பியே 'வாவ் வாவ்' எண்டு அலையுது, ஏன் எண்டு. குதிரைப் பின்னை ஸ்குரூ டிரைவர் நுனியால பக்கவாட்டில அழுத்திப் பிடிச்சுக்கொண்டு கட்டையைத் தட்டுங்கோ. அலை நிண்டா அந்தப் பின் ஆடுது. கம்பியைச் சுத்தியலால தட்டி இருத்தச் சொல்லுவினம், செய்யாதேங்கோ, குதிரை மரத்தில பள்ளம் விழும்.