துபாயில் சாலிக் கட்டணத்தைக் குறைக்க நேரத்தைப் பாருங்கள்

துபாயில் வேலைக்குக் காரில் போகிறவர்கள், முடிந்தால் காலை 6 மணிக்குள் சாலிக் (சாலைச் சுங்கம்) கேட்டைத் தாண்டிவிடுங்கள். மாலையில் 4 மணிக்கு முன்போ 8 மணிக்குப் பிறகோ திரும்புங்கள்.

2025 ஜனவரி 31 முதல் சாலிக் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. வார நாட்களில் காலை 6–10, மாலை 4–8 மணிக்கு 6 திர்ஹம். மற்ற நேரத்தில் 4. நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். இப்படி நேரம் பார்த்தால், ஒரே கேட் வழியாகப் போய்வர 12 திர்ஹம் ஆகிற இடத்தில் 4 மட்டுமே போகும். மாதம் 22 நாள் வேலை என்றால் 176 திர்ஹம் மிச்சம், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவருக்கு அது பெரிய தொகை. கணக்கில் வருவது வீட்டிலிருந்து கிளம்பும் நேரமல்ல, கேட்டைக் கடக்கும் நேரம். 5:55-க்குக் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அவசரப்பட்டு மிதிக்காதீர்கள். வேகத்துக்கான அபராதம் நூற்றுக்கணக்கில் வரும்.

அல் சஃபா வடக்கு, தெற்கு கேட்டுகளை ஒரே திசையில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்தால் ஒருமுறைதான் கட்டணம் பிடிப்பார்கள். இடையில் எங்காவது நீண்ட நேரம் நிற்க வேண்டாம்.

ரமலான் மாதத்தில் இந்த நேரங்கள் மாறும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்க 4 திர்ஹம்தான் என்பதால் நேரம் பார்க்கத் தேவையில்லை.