டிராஃப்ட் பீரை முறையாக ஊற்றிப் பரிமாறுவது எப்படி?

பீப்பாயிலிருந்து டேப் வழியாகப் பிடித்துத் தரும் டிராஃப்ட் பீர் தாறுமாறாக நுரைத்தாலோ, நுரையே நில்லாமல் உடனே அடங்கிவிட்டாலோ, ஊற்றியவரின் கைமீதுதான் முதலில் குற்றம் சொல்வார்கள். ஆனால் கையைப் பழக்க ஒரு மாலைப்பொழுது போதும். கிளாஸைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான், அதிலும் தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரில், கடினமான வேலை.

இவ்விரு மாவட்டங்களிலும் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்புச் செறிந்தது. அதில் கழுவிய கிளாஸில் படியும் வெண்படலத்தின் நுண்ணிய சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு பீரிலுள்ள கரியமில வாயு குமிழ்களாகப் பிரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கோ இதற்கு நேர்மாறாக மேல்நுரையைக் கரைத்துவிடும். ஆகவே, ஆம்லெட்டும் சில்லி சிக்கனும் வைத்த தட்டுகள் ஊறும் தொட்டியில் பீர் கிளாஸை ஒருபோதும் போடக் கூடாது. அதற்கெனத் தனித் தொட்டியும் தனி பிரஷும் வேண்டும். வெண்படலத்தை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து நீக்கிவிட்டு, கடைசி அலசலை மட்டுமாவது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரில் செய்வது நல்லது. துணியால் துடைத்தால் நூலிழை ஒட்டிக்கொள்ளும் என்பதால், கம்பித் தட்டில் கவிழ்த்துக் காற்றிலேயே உலர விடவேண்டும். ஐயமிருந்தால், கிளாஸின் உட்புறத்தை நனைத்து உப்புத்தூளைத் தூவிப் பாருங்கள். பிசுக்கு உள்ள இடத்தில் உப்பு ஒட்டாது.

அடுத்தது குளிர்ச்சி. லாகர் வகை பீருக்கு, கெக்கின் (பீர் அடைத்த உலோகப் பீப்பாயின்) உள்ளே 3 முதல் 4 டிகிரி செல்சியஸும், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12 பவுண்டு வாயு அழுத்தமும் பொதுவான தொடக்க அளவுகள். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று கெக் சூடேறிவிட்டால் வெறும் நுரையாகத்தான் வரும். அப்போது வாயு அழுத்தத்தைக் குறைத்துச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் குழாயின் உள்ளேயே வாயு பிரிந்து நுரை கூடுமே தவிரக் குறையாது. மறுபடி நன்றாகக் குளிரும்வரை அந்தக் கெக்கைத் தொடாமல் இருப்பதே முறை.

ஊற்றும்போது, கிளாஸைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, அடிப்பாகத்தைப் பிடித்து, டேப்பின் கீழே 45 டிகிரி சாய்த்து வைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுமையாகத் திறக்கவேண்டும். பாதி திறந்த டேப்பில் பீர் சிதறி நுரைத்துவிடும். கிளாஸ் பாதிக்கு மேல் நிறைந்ததும் மெல்ல நிமிர்த்தி, மீதியை நடுவில் விழச்செய்தால், ஓர் அங்குல நுரை தானாக எழும். உடனே டேப்பைச் சட்டென மூடிவிடலாம். டேப்பின் முனை கிளாஸிலோ பீரிலோ படவே கூடாது. ஐஸ் உறைந்த கிளாஸ் பார்க்க அழகாக இருந்தாலும், உருகும் ஐஸ் நுரையைக் கிளப்பி, பீரையும் நீர்க்கச் செய்யும் என்பதால் அதைத் தவிர்ப்பதே என் பரிந்துரை.

"நுரைக்கா காசு குடுக்கிறோம்? ரொப்பி ஊத்துப்பா" என்று கேட்கும் வாடிக்கையாளர் எங்கும் இருப்பார். அவரிடம் வாதிடத் தேவையில்லை. நுரையில்தான் மணம் தங்குகிறது என்பதையும், நுரைக்காத பீரின் வாயு வயிற்றுக்குள் போய்தான் உப்பச் செய்யும் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். அளவுக் கோட்டுக்கு மேல் நுரை நிற்கும்படியான கிளாஸை வாங்கி வைத்தால் அந்தப் பேச்சே எழாது. மறுமுறை கேட்டால் புதிய கிளாஸில்தான் ஊற்றவேண்டும். 21 வயது நிரம்பாதவருக்குத் தமிழ்நாட்டில் மது பரிமாறக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பீர் வரும் குழாய்களை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதற்கென விற்கும் காரத்தன்மையுள்ள (அல்கலி) துப்புரவுக் கரைசலால் கழுவவேண்டும். தள்ளிப்போட்டால் புளித்த வாடை வந்துவிடும். கழுவி முடித்ததும், கரைசலின் வழுவழுப்பு முற்றிலும் நீங்கும்வரை குளிர்ந்த நல்ல தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீர் வெளியேறிப் பீர் தெளிவாக வந்த பிறகே முதல் கிளாஸைப் பிடிக்கவேண்டும்.