அழற்சியுற்ற தோலின் ரத்தநாளத்தில் வெள்ளையணு ஒட்டுவதை ஆய்வகத்தில் காண்பது எப்படி?

சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களில், ரத்தத்தோடு ஓடிவரும் டி லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள நுண்சிரைகளின் உட்சுவரைப் பற்றி, உருண்டு, நிலைத்து நின்று, பின்னர் சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைகின்றன. இவற்றுள் முதற்படியான பற்றுதலை, ஸ்டாம்பரும் உட்ரஃபும் 1976-இல் நிணநீர்க் கணுக்களுக்காக வெளியிட்ட உறைதிசு முறையை (உறையவைத்துச் சீவிய திசுவின்மீது செல்களை விட்டு, எவை ஒட்டுகின்றன என்று பார்க்கும் முறை) தழுவித் தோலிலும் காணலாம். கிரையோஸ்டாட் (உறைந்த திசுவை மெல்லியதாகச் சீவும் கருவி), ஷேக்கர் (சுழற்றி அசைக்கும் கருவி), சாதாரண நுண்ணோக்கி ஆகியவை உள்ள எந்த ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம் என்பதால், சென்னையில் ஆராய்ச்சியைத் தொடங்கும் மாணவர்களுக்கு இம்முறையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

அழற்சியின்போது டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1 ஆகிய அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களின் தூண்டுதலால் நாளச்சுவரின் செல்கள் இ-செலக்டின் என்னும் ஒட்டுப் புரதத்தை மிகுதியாக வெளிக்காட்டுகின்றன. தோலை நாடிச் செல்லும் லிம்போசைட்டுகளின் மேற்பரப்பில் உள்ள சி.எல்.ஏ. என்னும் சர்க்கரை அமைப்பு அதனுடன் இணைகிறது. இந்த இணைப்புக்குக் கால்சியம் இன்றியமையாதது.

பலரும் தடுமாறும் இடம் இதுவே. ஊதா மூடிக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும், ஆகவே ரத்தத்தைப் பச்சை மூடி கொண்ட ஹெப்பாரின் குழாயில் எடுத்து, லிம்போசைட்டுகளைப் பிரித்து, ஹெப்பாரின் நீங்கும்வரை நன்கு கழுவ வேண்டும். வழக்கமான பி.பி.எஸ். என்னும் உப்புக் கரைசல் பெரும்பாலும் கால்சியம் இல்லாமலே வருகிறது என்பதால், செல்களைக் கலக்கவும் ஸ்லைடைக் கழுவவும் கால்சியம் உள்ள பஃபரையே (அமில-காரச் சமநிலையைக் காக்கும் கரைசல்) பயன்படுத்துங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியுடனும் நோயாளியின் ஒப்புதலுடனும் பெற்ற தோல் துணுக்கை ஃபார்மலினில் போடாமல் உடனே உறையவைத்து, 8 முதல் 10 மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். சென்னையின் காற்றில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில், உறைபெட்டியிலிருந்து எடுத்த ஸ்லைடைத் திறந்து வைத்த மறுகணமே நீர் முத்துமுத்தாகப் படிந்து, சீவலின் ஓரம் கண்ணெதிரே சுருண்டு எழும். சிலிக்கா ஜெல் போட்டு மூடிய பெட்டியிலேயே வைத்திருந்து, பெட்டி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

சீவலின்மீது செல் கரைசலை விட்டு, 4 முதல் 7 டிகிரி செல்சியஸில், ஷேக்கரில் நிமிடத்துக்குச் சுமார் 80 சுற்று வேகத்தில் 30 நிமிடம் சுழல விடுங்கள். ஏ.சி. அறையின் குளிர்ச்சி இதற்குப் போதாது. ஷேக்கரையே குளிரறைக்குள் வைக்க வேண்டும். வெப்பம் கூடினால் இன்டெக்ரின்கள் என்னும் வேறுவகை ஒட்டுப் புரதங்கள் செயல்பட்டு, செல்கள் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிவிடும். சுழற்சி இல்லாவிட்டால், வெறுமனே படிந்த செல்லையும் பற்றிய செல்லையும் பிரித்தறிய இயலாது. பின்னர் ஸ்லைடைப் பஃபரில் மெல்ல அமிழ்த்தி எடுத்து, குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்திச் சாயமேற்றலாம்.

சீவல் எந்தத் தோலுடையது என்பதை அறியாத ஒருவரே எண்ண வேண்டும். நாளங்களின்மீது உள்ள செல்களையும் பிற இடங்களில் உள்ளவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாளம் எது என்ற ஐயம் எழுந்தால், அடுத்த சீவலில் நாளச்சுவரின் செல்களை அடையாளம் காட்டும் சி.டி.31 சாயம் அதைத் தீர்த்துவைக்கும். ஒப்பீட்டுக்கு அழற்சியற்ற தோல், ஈ.டி.டி.ஏ. சேர்த்த பஃபர், இ-செலக்டினைத் தடுக்கும் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் உடன் இருக்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. சேர்த்த பிறகும் செல்கள் நாளத்தில் குறையாமல் நின்றால், அது செலக்டின் வழியிலான பற்றுதல் அன்று. அன்றைய எண்ணிக்கையை முடிவுகளில் சேர்க்கலாகாது.